சிறு நிறுவனங்களுக்கான சைபர் குற்ற வழிகாட்டி: கணக்கு மேசையிலிருந்து தொடங்குங்கள்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 7ஆம் தேதி வழக்கமான ஒரு வேலை நடந்தது. வங்கிகள் நாடுவிட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் என்ற செய்தி வலை வழியாக வெளிநாட்டுக்குப் போன பணத்தை வங்கியின் சொந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று பரிமாற்றங்கள் வங்கி அனுப்பாதவை என்று தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசையில் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். உடனே தகவல் கொடுத்ததால் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

தினமும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. தப்பைப் பார்த்தவர்கள் உடனே சொன்னார்கள். அந்த இரண்டும் ஒரு வங்கிக்கு மட்டும் உரியவை அல்ல. ஐந்து பேர் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடையிலும், இருநூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலும் அவை நடக்க முடியும். சிறு நிறுவனங்களில் பணம் பறிபோவதற்குப் பெரும்பாலும் ஃபயர்வால் இல்லாதது காரணமாக இருப்பதில்லை. ‘ஓனரிடம் போய் எப்படிக் கேட்பது?’ என்று அக்கவுண்டன்ட் தயங்கும் நேரத்தில் போகிறது. ‘சொன்னால் வேலை போய்விடும்’ என்று பயந்து மறைக்கும் நேரத்தில், மீட்க முடிந்த பணமும் கைநழுவுகிறது. இந்த வழிகாட்டியை அந்தத் தயக்கத்தையும் பயத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: எங்கெல்லாம் அடி விழும் என்று எழுதிப் பாருங்கள்

சைபர் குற்றம் என்றதும் அக்கவுண்டிலிருந்து பணம் போவதுதான் நினைவுக்கு வரும். வேலை நின்றுபோவது பல நேரங்களில் அதைவிடப் பெரிய அடி.

டாடா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் மீது 2025 ஆகஸ்ட் இறுதியில் தாக்குதல் நடந்தது. பிரிட்டனில் இருக்கும் அதன் ஆலைகளில் செப்டம்பர் முழுக்கக் கார் உற்பத்தி நின்றது. அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 190 கோடி பவுண்ட் என்றும், 5,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன என்றும் அங்குள்ள சைபர் மானிட்டரிங் சென்டர் மதிப்பிட்டது. அந்த 5,000இல் உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகளும் அடக்கம். அவர்களுடைய கம்ப்யூட்டரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் ஆர்டர் நின்றது, சம்பளம் போடுவது சிரமமானது. ஒரே பெரிய பையரை நம்பி ஓடும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கேஎன்பி என்ற பிரிட்டிஷ் லாரி நிறுவனம். 1865இல் தொடங்கியது, சுமார் 500 லாரிகள் ஓடின. 2023இல் ஒரு ஊழியரின் எளிதான பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து ஒரு கும்பல் உள்ளே நுழைந்ததாக நம்பப்படுகிறது. எல்லாத் தகவலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். சில மாதங்களில் கம்பெனியே மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். சைபர் காப்பீடு இருந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

நம் நாட்டில் 2024 ஜூலை கடைசியில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர், அதாவது தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், தாக்கியது. சுமார் 300 கூட்டுறவு, கிராமப்புற வங்கிகளைப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டியதாயிற்று. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்த கடைக்காரருக்கு அன்று யூபிஐயில் பணம் வராது. இதில் அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

சரி, ஒரு தாளை எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நாளைக் காலை டாலி கணக்கு சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால் எத்தனை நாள் பில் போடாமல் தாக்குப்பிடிப்பீர்கள்? ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்கும்போது அது நடந்தால்? கரன்ட் அக்கவுண்ட் ஒன்றுதானா, அது முடங்கினால் சம்பளம் எதிலிருந்து போடுவீர்கள்? வாடிக்கையாளர்களின் செல் நம்பர், ஆதார் நகல், மருத்துவ விவரம் எதெல்லாம் உங்களிடம் இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும்? பதில் எழுத முடியாத கேள்விதான் முதலில் கவனிக்க வேண்டிய இடம்.

படி 2: இன்வாய்ஸ் மோசடி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டு வியாபாரம் செய்பவர்களை அதிகம் சாய்ப்பது இதுதான். அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி, 2024இல் மட்டும் இந்த வகை மெயில் மோசடியில் சுமார் 277 கோடி டாலர் போயிருக்கிறது.

ஒரு நாள் ‘உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்’ என்று மெயில் வரும். மெர்ச்சன்டைசரோ அக்கவுண்டன்டோ அதில் பாஸ்வேர்டை அடித்துவிடுவார். அதன் பிறகு கொஞ்ச காலம் எதுவுமே நடக்காது. உள்ளே வந்தவர் எல்லா மெயிலையும் படித்துக்கொண்டிருப்பார். யார் பையர், என்ன ஷிப்மென்ட், எப்போது பேமென்ட் வரும், நீங்கள் ‘டியர் சார்’ என்று எழுதுவீர்களா, பெயர் சொல்லி எழுதுவீர்களா என்பது வரை பார்த்துக்கொள்வார். முக்கியமான மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் வேறொரு முகவரிக்குப் போகும்படி ஒரு ஃபார்வர்டிங் ரூலும் போட்டுவைப்பார்.

பேமென்ட் நேரம் வந்ததும், உங்கள் முகவரி போலவே தெரியும் இன்னொரு முகவரியிலிருந்து பையருக்கு மெயில் போகும். ஆங்கில எம் இருக்கும் இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்தை ஒட்டி வைத்தால் அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ‘எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்கள்’ என்று இருக்கும். பழைய மெயில் தொடர் அப்படியே கீழே இருப்பதால் பையருக்குச் சந்தேகம் வராது. அதே நேரத்தில் பையர் பெயரில் உங்களுக்கும் மெயில் வரும்: ‘பேமென்ட் ஒரு வாரம் தாமதமாகும்.’ இரண்டு பக்கமும் நிம்மதியாகக் காத்திருக்கும். அந்த ஒரு வாரத்தில் பணம் நாலைந்து அக்கவுண்ட் தாண்டியிருக்கும்.

இதன் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. சரக்கு போய்விட்டது, பையர் ‘நான் பணம் கட்டிவிட்டேன்’ என்கிறார். ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ஈடிபிஎம்எஸ் பதிவில், உங்கள் வங்கியின் கணக்கில் அந்த ஷிப்பிங் பில் பணம் வராததாகவே நிற்கும். ஏற்றுமதிப் பணம் குறிப்பிட்ட காலத்துக்குள் வராவிட்டால் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளின்படி வங்கி கேள்வி கேட்கும். வாங்கிய டிராபேக்கையும் (ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைத்த சுங்க வரி), ஜிஎஸ்டி ரீஃபண்டையும் திருப்பிக் கேட்க விதி இருக்கிறது. மெஷின் இறக்குமதிக்கு நீங்கள் அனுப்பிய அட்வான்ஸ் திருடனுக்குப் போனாலும் இதே சிக்கல்தான், சரக்கு வந்ததற்கான பில் ஆஃப் என்ட்ரியை வங்கிக்குக் காட்ட முடியாது.

உள்நாட்டில் இதற்கு வேறு முகம். ஓனரின் போட்டோவை வைத்த புதிய வாட்ஸ்அப் நம்பரிலிருந்து அக்கவுண்டன்டுக்குச் செய்தி வரும்: ‘மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பண்ண வேண்டாம், இந்த அக்கவுண்டுக்கு உடனே ஆர்டிஜிஎஸ் போடு.’ போட்டோவையும் குரலையும் மட்டும் நம்பவும் முடியாது. ஹாங்காங்கில் அரூப் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ காலில் தன் உயரதிகாரியைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். 2024இல் வெளியே வந்த செய்தி இது. அந்தக் காலில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரில் உருவாக்கிய போலிகள்.

படி 3: பணம் அனுப்பும் விதியை எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். செலவு கிடையாது.

புதிய அக்கவுண்ட் நம்பரோ, பழைய சப்ளையரின் அக்கவுண்ட் மாற்றமோ வந்தால், போன் செய்து கேட்காமல் பணம் போகக் கூடாது. போன் நம்பரை அந்த மெயிலிலிருந்து எடுக்கக் கூடாது, பழைய ஃபைலிலோ விசிட்டிங் கார்டிலோ இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். முன்பே பேசிப் பழகிய ஆளிடம் பேச வேண்டும். யார் பேசினார், எத்தனை மணிக்கு என்று வவுச்சரிலேயே எழுத வேண்டும்.

நெட் பேங்கிங்கில் ஒருவர் பேமென்டை ஏற்றி, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி கரன்ட் அக்கவுண்டுகளுக்கு உண்டு. வங்கியில் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பாஸ்வேர்டையும் இரண்டு ஓடிபி போனையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு ஓனர் ஊருக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். ரிசர்வ் வங்கி சொன்னபடி, 2025 ஏப்ரலிலிருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். அதற்கு முன்பு அக்கவுண்ட் நம்பர் சரியாக இருந்தாலே பணம் போய்விடும், பெயர் வேறாக இருந்தாலும் நிற்காது. இப்போது திரையில் வரும் பெயரை நிதானமாகப் படியுங்கள். சூரத் சப்ளையருக்கு அனுப்பும் பணத்துக்கு யாரோ தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உங்கள் இன்வாய்ஸிலும் ஆர்டர் ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: ‘எங்கள் வங்கி விவரத்தை மெயிலில் மாற்ற மாட்டோம். மாற்றம் வந்தால் இந்த நம்பரில் பேசி உறுதி செய்யுங்கள்.’ பின்னால் தகராறு வந்தால் இந்த வரி உங்களுக்குக் கைகொடுக்கும்.

விடுமுறைக்கு முந்தைய மாலைகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் வியாழன் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் சிக்கியது, பெறும் அமைப்பின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததை நடுவில் இருந்த வங்கி கவனித்துக் கேட்டதால்.

இனி ஓனருக்கு மட்டும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன எல்லா விதியும், நீங்கள் கேட்கும்போதும் பொருந்தும் என்று ஊழியர்கள் முன்னால் சொல்லுங்கள். ‘நான் சொன்னாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.’ ஒருநாள் நீங்களே உண்மையில் அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லி, அக்கவுண்டன்ட் போன் போட்டுக் கேட்டால் எரிந்து விழாதீர்கள். நன்றி சொல்லுங்கள். நீங்கள் ஒருமுறை திட்டினால் அடுத்த முறை அவர் கேட்க மாட்டார், மோசடிக்காரன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

படி 4: மெயிலையும் கம்ப்யூட்டரையும் பூட்டுங்கள்

இது சுருக்கமாக முடியும் வேலை, அரை நாள் ஒதுக்கினால் போதும்.

எல்லா மெயிலுக்கும், பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மெயில் செட்டிங்கில் போய் யாரோ போட்ட ஃபார்வர்டிங் ரூல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கம்பெனி பெயரில் டொமைன் இருந்தால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று மெயில் பாதுகாப்பு அமைப்புகளையும் அமைக்கச் சொல்லி உங்கள் வெப்சைட் ஆளிடம் சொல்லுங்கள். உங்கள் டொமைனை அப்படியே போலியாகப் போட்டு வேறு யாரும் மெயில் அனுப்புவதை அது பெரும்பாலும் தடுக்கும்.

ஆடிட்டரோ டாலி சர்வீஸ் செய்பவரோ வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத் திறந்தே வைத்திருப்பது பல அலுவலகங்களில் உண்டு. ரான்சம்வேர் கும்பல்கள் நுழையும் பெரிய வாசல்களில் அதுவும் ஒன்று. தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்), அது ‘டிராஃபிக் சலான்’ என்று வந்தாலும் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வந்தாலும், ஓடிபி வரும் போனில் யாரும் திறக்கக் கூடாது. இந்திய வங்கிகளின் இணையதள முகவரி இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நெட் பேங்கிங் திறக்கும் முன் அந்த வாலைப் பாருங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் கல்லாவில் இருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைத் தினமும் காலையில் நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். சவுண்ட்பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் ஆப்பில் தெரிய வேண்டும்.

படி 5: ஒயரைப் பிடுங்கி வைத்த பேக்கப் ஒன்று வேண்டும்

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் உலகின் பெரிய கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கை முடக்கியது. மும்பை நாவா ஷேவா துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக அந்த வைரஸ் பரவியிருந்தது. மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவியது. நஷ்டம் 30 கோடி டாலர் வரை. நெட்வொர்க்கின் அடிப்படைத் தகவல் உலகெங்கும் அழிந்திருந்தது. கானா நாட்டு அலுவலகத்தில் அப்போது கரன்ட் போயிருந்ததால் அங்கிருந்த ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் மீண்டும் கட்டினார்கள்.

அந்தக் கம்பெனிக்குத் தற்செயலாக அமைந்ததை நீங்கள் திட்டமிட்டுச் செய்யலாம். டாலி டேட்டா, பில், டிசைன் ஃபைல், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் மாற்றி மாற்றி நகல் எடுங்கள். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே, வீட்டு பீரோவில் இருக்கட்டும். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்த ஹார்ட் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

படி 6: பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே

முதலில் சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். அக்கவுண்ட் நம்பர், யூடிஆர் நம்பர் (அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்), தொகை, நேரம், பணம் போன அக்கவுண்ட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தத் தகவல் பணம் போன வங்கிக்குப் போகும், அங்கே மிச்சமிருப்பதை நிறுத்தி வைப்பார்கள். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் புகாரையும் பதியுங்கள். தேசியப் புகார் தளத்தின் கணக்குப்படி 2024இல் மட்டும் நாட்டில் சைபர் மோசடியில் போன பணம் ரூ.22,845 கோடி. அதில் நிறுத்தி வைக்க முடிந்தது பெரும்பாலும் சீக்கிரம் புகார் வந்த பணம்.

அதே நேரத்தில் இன்னொருவர் வங்கிக் கிளைக்கு ஓட வேண்டும். வாய்ச்சொல் போதாது, கடிதமும் மெயிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கும் ஸ்விஃப்ட் ரீகால் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ‘மோசடி’ என்ற காரணத்தோடு. பணம் கட்டி ஏமாந்தவர் அமெரிக்க பையர் என்றால், அவர் தன் வங்கியிலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3யிலும் அன்றே புகார் செய்ய வேண்டும். அவரை விடாமல் துரத்துங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். போலி மெயிலை ஃபார்வர்ட் செய்தால் அதன் ஹெடர் விவரம் போய்விடும், அசலாகவே சேமித்து வையுங்கள். பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் பொருந்தும். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு சொல்கிறது. காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் அன்றே சொல்லுங்கள்.

பலர் தப்பாக நம்பும் ஒரு விஷயம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017இல் தந்த பாதுகாப்பின்படி, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் யாரோ பணத்தை எடுத்து, நீங்கள் மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால், இழப்பு உங்களைச் சேராது. ஏமாந்து நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் மூன்றாம் படியை அவ்வளவு நீளமாக எழுதினேன்.

படி 7: ரான்சம்வேர் என்றால்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள், தடயம் போய்விடும். ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் உண்டு. 2016இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடுத்தாலும் எல்லா ஃபைலும் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, திருடிய தகவலை விற்க மாட்டார்கள் என்பதற்கும் இல்லை.

வாடிக்கையாளர் தகவல் வெளியே போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் ரூ.250 கோடி வரை உண்டு. அதைவிட, உங்களிடமிருந்து கசிந்த விவரத்தை வைத்து நாளைக்கு அவர்களை யாராவது ஏமாற்றினால், முன்பே எச்சரித்திருக்கிறீர்களா என்பதுதான் உறவை முடிவு செய்யும்.

படி 8: திருடாத உங்கள் அக்கவுண்டே முடக்கப்பட்டால்

யாரோ திருடிய பணத்தில் ஒருவர் உங்கள் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் போவார். பணம் போன பாதையைத் தேடும் வேறு மாநில போலீஸ் உங்கள் அக்கவுண்டை முடக்கச் சொல்லும். சில ஆயிரம் ரூபாய்க்காக முழு கரன்ட் அக்கவுண்டும் நின்று, செக் திரும்பி, ஊரில் பெயர் கெடும்.

வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு. அந்த விற்பனையின் பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப் பேச்சு, ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றை அந்த விசாரணை அதிகாரிக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் மூலம் நீதிமன்றம் போகலாம், உயர் நீதிமன்றங்கள் இப்படிப் பல வழக்குகளில் சிறு வியாபாரிகளுக்கு நிவாரணம் தந்திருக்கின்றன. பில் போடாமல் விற்றவருக்கு இதில் காட்ட எதுவும் இருக்காது, எனவே சின்ன விற்பனைக்கும் பில் போடுங்கள். சம்பளத்துக்கும் வரிக்கும் வேறொரு வங்கியில் தனி அக்கவுண்ட் வைத்து, அந்த அக்கவுண்டின் கியூஆரைக் கடையில் ஒட்டாமல் இருந்தால், ஒன்று முடங்கினாலும் மாதம் முதல் தேதி சம்பளம் போய்விடும்.